மேற்கோளும் கோரிக்கையும்: ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் மறவாத சொற்கள் சில

ஏப்ரல் 14 நெருங்கும்போது நம் கைப்பேசிகள் மேற்கோள்களால் நிரம்பிவிடுகின்றன. அண்ணல் அம்பேத்கரின் சொற்களோடு மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ், ரோசா பார்க்ஸ் ஆகியோர் பெயரிலும் வாசகங்கள் வந்து சேர்கின்றன. கறுப்பு வெள்ளைப் படம், அதன்மேல் மஞ்சள் எழுத்தில் இரண்டு வரி, மூலையில் அனுப்பியவரின் கூப்பிய கரம். அந்தக் கூப்பிய கரம் சில வேளைகளில் கிங்கைவிட உயரமாக நிற்பதும் உண்டு. இதில் நகைக்க இடமுண்டு, பழிக்க ஒன்றுமில்லை. அந்தச் சொற்கள் நம்மிடம் வந்து சேர்ந்ததற்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

1873-இல் ஜோதிராவ் புலே தமது ‘குலாம்கிரி’ நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-இல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் சார்பில் அளிக்கப்பட்ட மனுவின் படியைக் கேட்டார். அவ்வாண்டு ஜூலை 31 அன்று டுபாய்ஸ் மறுமொழி எழுதினார். 1972-இல் பம்பாயில் பிறந்த தலித் பேந்தர் இயக்கம் தன் பெயரையே அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெற்றது. ஆக, இரு தரப்பும் பரிமாறிக்கொண்டவை அழகிய வாசகங்கள் மட்டும் அல்ல; மனுக்கள், அமைப்பு வடிவங்கள், போராட்ட முறைகள் ஆகியவையும்தாம்.

அம்பேத்கர் கேட்டது மேற்கோளை அன்று, மனுவின் படியை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு நல்ல மேற்கோளுக்குப் பின்னும் ஒரு மனு இருக்கிறது. அதில் மனுதாரர் உண்டு, எதிர்மனுதாரர் உண்டு, கோரப்பட்ட பரிகாரம் உண்டு. மனுவைக் கிழித்தெறிந்துவிட்டு அதன் ஒரு வரியை மட்டும் சட்டமிட்டு மாட்டினால், அது எவர் வீட்டுச் சுவருக்கும் பொருந்திவிடும். எதிர்மனுதாரரின் வீட்டுச் சுவருக்கும்கூட. ஆகவே கீழே தொகுத்துள்ள சொற்களை அவை பிறந்த இடம், ஆண்டு, கேட்டவர்கள், அதன்பின் நேர்ந்தவை ஆகியவற்றோடு சேர்த்தே தருகிறோம். மொழிபெயர்ப்புகள் கருத்தைத் தழுவியவை.

சோஜர்னர் ட்ரூத் (1851): கேட்கப்படாத கேள்வி

மகளிர் நாள் பதாகைகளில் தவறாது இடம்பெறும் கேள்வி ஒன்று உண்டு: “நான் பெண் இல்லையா?” 1851 மே மாதம் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நடைபெற்ற பெண்ணுரிமை மாநாட்டில் சோஜர்னர் ட்ரூத் இதைக் கேட்டதாக உலகமே நம்புகிறது. ஆனால் மாநாடு முடிந்த சில வாரங்களில், ஜூன் 21 அன்று, அடிமை ஒழிப்பு ஏடு ஒன்றில் மாரியஸ் ராபின்சன் வெளியிட்ட உரையின் வடிவில் அந்தக் கேள்வியே இல்லை. அது முதன்முதலாக இடம்பெறுவது, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1863-இல் பிரான்சிஸ் கேஜ் என்னும் வெள்ளையினப் பெண்மணி எழுதிய வடிவில்தான். அதில் ட்ரூத் தென்மாநில அடிமைகளின் கொச்சை வழக்கில் பேசுகிறார். உண்மையில் அவர் பிறந்தது வடக்கே நியூயார்க் மாநிலத்தில். அவரது முதல் மொழி டச்சு. ஐந்து குழந்தைகளைப் பெற்றவருக்கு அந்த வடிவம் பதின்மூன்று குழந்தைகளைத் தந்துவிட்டது.

ராபின்சன் பதிவில் இருப்பவை வேறு சொற்கள். ஆணுக்கு நிகராக உழுதேன், அறுத்தேன், சுமந்தேன் என்கிறார் ட்ரூத். கூடவே, ஆணுக்கு நிகராக உண்ணவும் என்னால் முடியும், “கிடைத்தால்” என்கிறார். அந்த ஒற்றைச் சொல்லில் கூலி, பசி, நகைச்சுவை மூன்றும் அடங்கியிருக்கின்றன. ஆணின் அறிவு ஒரு படி, பெண்ணின் அறிவு அரைப்படி என்றே வைத்துக்கொண்டாலும், அந்த அரைப்படியையாவது நிரப்பிக்கொள்ள விடக்கூடாதா என்றும் கேட்கிறார்.

பதாகைகள் சொல்லாத இன்னொன்றும் உண்டு. நியூயார்க்கில் அடிமைமுறை முடிவுற்ற காலத்தில் அவரது மகன் பீட்டர், சட்டத்திற்குப் புறம்பாக அலபாமாவுக்கு விற்கப்பட்டான். ட்ரூத் நீதிமன்றம் சென்றார். 1828-இல் மகனை மீட்டார். எழுதப் படிக்கத் தெரியாத, முந்தைய ஆண்டுவரை சட்டத்தின் கண்ணில் உடைமையாக இருந்த ஒரு பெண், வெள்ளையருக்கு எதிராக வழக்காடி வென்றார். மேடையில் கேட்டாரா இல்லையா என்று ஐயமுள்ள கேள்வியைவிட, நீதிமன்றத்தில் ஐயமின்றி வென்ற வழக்கே நமக்கு நெருக்கமானது.

பிரடெரிக் டக்ளஸ் (1857): இடியில்லாத மழை

“கோரிக்கை எழாமல் அதிகாரம் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை, விட்டுக்கொடுத்ததும் இல்லை, விட்டுக்கொடுக்கப் போவதும் இல்லை.” 1857 ஆகஸ்ட் 3 அன்று நியூயார்க் மாநிலத்தின் கனன்டைகுவா ஊரில் டக்ளஸ் ஆற்றிய உரையின் மையம் இது. கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக இருக்கவே முடியாது என்று டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து ஐந்து மாதங்கள்கூட ஆகவில்லை. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் கதவைச் சாத்திய ஆண்டில், கதவைத் தட்டுவதைப் பற்றிப் பேசினார் டக்ளஸ்.

விடுதலை வேண்டும், கிளர்ச்சி மட்டும் வேண்டாம் என்போரை அதே உரையில் அவர் எள்ளி நகையாடுகிறார். அவர்கள் உழாமல் விளைச்சல் கேட்பவர்கள். இடியும் மின்னலும் இல்லாமல் மழை கேட்பவர்கள். இரைச்சல் இல்லாத கடல் கேட்பவர்கள். வட்டாட்சியர் அலுவலகத்து ‘அமைதிப் பேச்சுவார்த்தை’களில் அமர்ந்து எழுந்த எவருக்கும் இந்த வானிலை அறிக்கை புரியும். அங்கே எல்லாத் தரப்பும் அமைதியைத்தான் கோருகின்றன. கோயில் கதவின் சாவி மட்டும் ஒரே தரப்பின் இடுப்பில் இருக்கிறது.

1895-இல் மறைந்த டக்ளஸுக்கு இக்காலப் பண்பாடும் ஒரு வேடிக்கையைப் பரிசளித்தது. 2017 பிப்ரவரி 1 அன்று, கறுப்பின வரலாற்று மாதத்தின் தொடக்க நிகழ்வில், டக்ளஸ் அருமையான பணி ஆற்றியிருப்பதாகவும் நாளுக்கு நாள் அவர் மேலும் மேலும் அறியப்பட்டு வருவதாகவும் அமெரிக்க அதிபர் டிரம்ப் பாராட்டினார். டக்ளஸ் இன்னும் உயிரோடு இருப்பதாக அதிபர் நினைக்கிறாரோ என்று ஒரு வாரம் இணையம் சிரித்தது. தலைவர்களைப் படிக்காமல் பாராட்டுவது அமெரிக்காவின் தனிச் சொத்து அன்று என்பதால் நாம் அளவோடு சிரிக்கலாம்.

ஜார்ஜ் ஹென்றி வைட் (1901): விடைபெறும் உரை

இத்தொகுப்பில் மிகக் குறைவாக அறியப்பட்டவர் இவர். வட கரோலினாவின் வழக்குரைஞர். அன்றைய அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒரே கறுப்பின உறுப்பினர். கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் முதல் மசோதாவை 1900 ஜனவரியில் கொண்டுவந்தவர். மசோதா குழு அறையிலேயே மடிந்தது. அவ்வாண்டே அவரது மாநிலம், கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிக்கும் வகையில் தன் அரசமைப்பைத் திருத்தியது. இனித் தேர்ந்தெடுக்கப்பட வழியில்லை என்று அறிந்த வைட், 1901 ஜனவரி 29 அன்று அவையில் விடைபெற்றார். இது அமெரிக்க நாடாளுமன்றத்திலிருந்து கறுப்பின மக்கள் தற்காலிகமாக விடைபெறுவது. பீனிக்ஸ் பறவைபோல் ஒருநாள் எழுந்து மீண்டும் வருவார்கள் என்றார்.

‘தற்காலிகம்’ என்ற அச்சொல்லின் நீளத்தை எண்களில் பார்ப்போம். அடுத்த கறுப்பின உறுப்பினர் ஆஸ்கர் டி பிரீஸ்ட் சிகாகோவிலிருந்து வந்து அமர்ந்தது 1929-இல். வைட்டின் வட கரோலினாவிலிருந்து அடுத்த கறுப்பின உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டது 1992-இல். கும்பல் கொலைக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டம், எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனின் பெயரைத் தாங்கி, 2022 மார்ச் 29 அன்று கையொப்பமானது. மனுவுக்கும் பரிகாரத்துக்கும் இடையே 122 ஆண்டுகள். வாய்தாவுக்குப் பழகிய நம் நீதிமன்றங்களே இந்தக் கணக்கின்முன் சற்று வெட்கப்படும்.

மார்ட்டின் லூதர் கிங் (1963): கனவும் திரும்பிவந்த காசோலையும்

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் கூடிய பேரணியின் முழுப்பெயர் ‘வேலைக்கும் விடுதலைக்குமான வாஷிங்டன் பேரணி’. நம் நினைவில் விடுதலை நின்றது, வேலை உதிர்ந்துவிட்டது. மணிக்கு இரண்டு டாலருக்குக் குறையாத தேசியக் குறைந்தபட்சக் கூலி என்பது அப்பேரணியின் கோரிக்கைகளுள் ஒன்று.

அன்றைய உரையின் பிற்பகுதியிலுள்ள கனவை எல்லாரும் அறிவர். முற்பகுதியில் கிங் பேசியது காசோலையைப் பற்றி. அமெரிக்கா தன் கறுப்பின மக்களுக்குக் கொடுத்த காசோலை ‘போதிய இருப்பு இல்லை’ என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது, அதைப் பணமாக்கவே தலைநகருக்கு வந்திருக்கிறோம் என்றார். நம் நாட்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவை அறிந்தோர் இதன் நுட்பத்தை உடனே உணர்வர். காசோலை திரும்பினால் பணம் செலுத்தப் பதினைந்து நாள் அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்ப வேண்டும். கிங் அறிவிப்பு அனுப்பியபோது, 1863-இன் விடுதலைப் பிரகடனம் நூறு ஆண்டு பழையதாகியிருந்தது. கனவு காண்பவரை எவரும் பாராட்டலாம். கடனைத் திருப்பிக் கேட்பவரைப் பாராட்டுவதுதான் கடினம். 1966-இல் கேலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் 63 விழுக்காடு அமெரிக்கர்கள் கிங்கைப் பற்றி எதிர்மறையான கருத்தே கொண்டிருந்தனர்.

தம் பிள்ளைகள் தோலின் நிறத்தால் அன்றிப் பண்பால் மதிப்பிடப்படும் நாள் வரும் என்ற அவரது வரி, இன்று இனச்சார்பு ஒதுக்கீட்டை எதிர்ப்போரின் விருப்ப மேற்கோள். கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னும் பின்னும் அவ்வரி ஓயாமல் ஒலித்தது. அதே கிங், 1965 ஜனவரியில் வெளியான நீண்ட நேர்காணல் ஒன்றில், கறுப்பின மக்களுக்கும் பிற ஏழைகளுக்கும் ஈடுசெய்யப் பத்தாண்டுகளில் 5,000 கோடி டாலர் செலவிடும் திட்டம் வேண்டும் என்று வாதிட்டார் என்பது மட்டும் மேற்கோள் படங்களில் இடம்பெறுவதில்லை. “அம்பேத்கரே பத்தாண்டுக்குத்தான் இடஒதுக்கீடு கேட்டார்” என்ற வாதத்தின் அமெரிக்க உறவினர் இது. அந்தப் பத்தாண்டு வரம்பு, அரசமைப்பின் 334-ஆம் உறுப்பில் சட்டமன்ற, நாடாளுமன்றத் தொகுதிகளுக்கு மட்டுமே விதிக்கப்பட்டது. கல்விக்கும் வேலைவாய்ப்புக்கும் வழிசெய்யும் 15(4), 16(4) ஆகிய உறுப்புகளில் காலவரம்பு ஏதும் இல்லை. மாணவர் தோழர்கள் இந்த எண்களை மனனம் செய்துகொள்வது நல்லது. உறவினர் திருமணங்களிலும் பயன்படும்.

விளம்பர உலகமும் கிங்கை விடவில்லை. 2018 பிப்ரவரி 4 அன்று, அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடையே, ராம் சரக்குந்து நிறுவனம் கிங்கின் குரலை ஓடவிட்டு வண்டி விற்றது. அந்தக் குரல், சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டாவின் எபனேசர் தேவாலயத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவிலிருந்து எடுக்கப்பட்டது. அதே சொற்பொழிவில், இந்த மகிழுந்தை ஓட்டினால்தான் அண்டை வீட்டார் பொறாமைப்படுவார்கள் என்று நம்மை ஏய்க்கும் விளம்பரதாரர்களைத்தான் அவர் சாடியிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, போராட்டக் களத்தில் காவலருக்கு ஒரு குவளை பெப்சி நீட்டினால் பகை தீரும் என்று ஒரு விளம்பரம் காட்டியது. கிங்கின் மகள் பெர்னிஸ் கிங், தம் தந்தையைக் காவலர் தள்ளும் படத்தை வெளியிட்டு, பெப்சியின் ஆற்றல் அப்பாவுக்குத் தெரியாமல் போயிற்றே என்று ஒரே வரி எழுதினார். நிறுவனம் விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது.

கிங்குக்கு நம்மோடும் ஒரு கணக்கு உண்டு. 1959-இல் இந்தியா வந்தபோது, கேரளத்தில் ஒடுக்கப்பட்ட மாணவர்கள் பயின்ற பள்ளியொன்றில், ‘அமெரிக்காவிலிருந்து வந்துள்ள சக தீண்டப்படாதவர்’ என்று தம்மை அறிமுகப்படுத்தியதாக 1965 ஜூலை 4 அன்று அவர் ஆற்றிய சொற்பொழிவில் நினைவுகூர்ந்தார். முதலில் அதிர்ந்தாராம். பிறகு எண்ணிப் பார்த்து, “ஆம், நான் தீண்டப்படாதவன்தான், அமெரிக்காவின் ஒவ்வொரு கறுப்பினத்தவரும் தீண்டப்படாதவரே” என்று உணர்ந்தாராம். நம் மாணவர்களின் மொழி கிங்குக்குக் கண்ணாடியாகியிருக்கிறது.

ஃபேனி லூ ஹேமர் (1964): இரண்டு இடங்கள்

மிசிசிப்பியின் பருத்தித் தோட்டமொன்றில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்தவர் ஹேமர். 1962 ஆகஸ்ட் 31 அன்று வாக்காளராகப் பதிவுசெய்ய முயன்றார். பதிவை விலக்கிக்கொள், இல்லையேல் தோட்டத்தை விட்டு வெளியேறு என்றார் முதலாளி. “உங்களுக்காக நான் பதிவுசெய்யப் போகவில்லை, எனக்காகப் போனேன்” என்று விடையிறுத்தார் ஹேமர். அன்றிரவே வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டு வினோனா ஊரின் சிறையில் கடுமையாகத் தாக்கப்பட்டார்.

1964 ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில், வெள்ளையர் மட்டுமே நிறைந்த மிசிசிப்பிப் பிரதிநிதிகளுக்குப் பதிலாகத் தங்களை ஏற்குமாறு சனநாயகக் கட்சியின் குழுமுன் ஹேமர் சாட்சியம் அளித்தார். தொலைக்காட்சிகள் நேரலையில் இருந்தன. அதிபர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டி, ஒளிப்படக் கருவிகளைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். தந்திரம் பலிக்கவில்லை. அன்று மாலைச் செய்திகளில் சாட்சியம் மீண்டும் ஒளிபரப்பாகி, இன்னும் கூடுதலானோரைச் சென்றடைந்தது. ஒரு செய்தியை மறைக்க இன்னொரு ‘பிரேக்கிங் நியூஸ்’ என்னும் கலை நம் காலத்துக் கண்டுபிடிப்பு அன்று.

கட்சித் தலைமை இறுதியில் சமரசமாக இரண்டு இடங்களைத் தர முன்வந்தது. “இரண்டு இடங்களுக்காக நாங்கள் இவ்வளவு தூரம் வரவில்லை; நாங்கள் எல்லாரும் களைத்துப் போயிருக்கிறோம்” என்றார் ஹேமர். தொகுதிப் பங்கீட்டுச் செய்திகளைப் படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்த எண்ணைப் பற்றி விளக்கவுரை தேவையிராது. அவ்வாண்டு டிசம்பரில் ஹார்லெமில், மால்கம் எக்ஸும் பேசிய கூட்டத்தில், சலித்துச் சலித்துச் சலிப்பே சலித்துவிட்டது என்ற பொருள்படும் புகழ்பெற்ற வரியை அவர் கூறினார். ரூல்வில் ஊரில் உள்ள அவரது கல்லறையில் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. இன்று அதே வரி திங்கட்கிழமைக் காலை அலுவலகச் சோர்வுக்கான நகைப்படங்களில் வலம் வருகிறது. திங்கட்கிழமை சோர்வு தருவதுதான். எனினும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்ததற்காக எவரையும் அது வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை.

முகமது அலி (1966): காரணம் எழுதாத ஆணை

வியட்நாம் போருக்கு அழைக்கப்படும் நிலை வந்த 1966 பிப்ரவரியில், வியட்காங்குகளோடு தமக்கு எந்தச் சண்டையும் இல்லை என்று அலி செய்தியாளரிடம் கூறினார். 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் படையில் சேர மறுத்தார். உலகப் பட்டம் பறிபோனது. ஐந்தாண்டுச் சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டால் சிறை செல்லவில்லை. ஆனால் உடல்வலிமையின் உச்சத்தில் மூன்றாண்டுகளுக்கு மேல் குத்துச்சண்டை மேடை ஏற முடியவில்லை.

1971 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பால் அவரை விடுவித்தது. போர் அநீதியானது என்று நீதிமன்றம் கூறவில்லை. மனச்சான்றின் அடிப்படையில் விலக்குக் கேட்ட அவரது மனுவை மேல்முறையீட்டு வாரியம் நிராகரித்தபோது எந்தக் காரணத்தையும் பதிவு செய்யவில்லை என்பதே விடுதலைக்கு அடிப்படை. காரணம் கூறாத ஆணை செல்லாது என்று நாம் அன்றாடம் வாதிடுவதன் மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இது. சட்ட மாணவர்களுக்கு வண்ணத்துப்பூச்சி, தேனீ வாசகத்தைவிட இதுவே தேர்வில் மதிப்பெண் தரும். 2005-இல் அமெரிக்க அரசு அதே அலிக்குத் தன் மிக உயர்ந்த குடிமை விருதை அணிவித்தது.

ஷர்லி சிஸ்ஹோம் (1969): மரமும் மடக்கு நாற்காலியும்

அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் சிஸ்ஹோம். 1968 தேர்தலில் அவரது முழக்கம், எவரும் விலைக்கு வாங்காதவள், எவரும் மேய்க்க முடியாதவள் என்பது. வாக்குக்கு விலைப்பட்டியல் போடப்படும் ஊர்களில் இது தேர்தல் அறிக்கையாக அன்றி அறிவியல் புனைகதையாகப் படிக்கப்படலாம். நியூயார்க் நகரின் நெருக்கமான புரூக்ளின் பகுதியிலிருந்து வந்தவரை அவை, வேளாண்மைக் குழுவில் போட்டது. அவர் எதிர்த்தார், முன்னாள் படைவீரர் நலக் குழுவுக்கு மாற்றினார்கள். என் தொகுதியில் மரங்களைவிட முன்னாள் படைவீரர்கள் அதிகம் என்று சொல்லி ஏற்றுக்கொண்டார்.

மேசையில் இடம் தராவிட்டால் மடக்கு நாற்காலியை நாமே கொண்டு செல்ல வேண்டும் என்ற வாசகமும் அவர் பெயரில் வழங்குகிறது. 2023 ஆகஸ்ட் 5 அன்று, அலபாமாவின் மாண்ட்கோமரி ஆற்றுத்துறையில், படகைத் தள்ளி நிறுத்தச் சொன்ன கறுப்பினப் பணியாளரை வெள்ளையர் சிலர் தாக்கினர். உதவிக்கு ஓடிவந்தவர்களுள் ஒருவர் மடக்கு நாற்காலியைச் சுழற்றிய காட்சி உலகெங்கும் பரவியது. சில நாட்களில் மடக்கு நாற்காலி தோடாகவும் சட்டைச் சின்னமாகவும் விற்பனைக்கு வந்தது. அந்நாற்காலியைக் கண்டுபிடித்தவரே நத்தேனியல் அலெக்சாண்டர் என்னும் கறுப்பினத்தவர் என்ற செய்தியும் சுற்றியது. 1911-இல் அவர் காப்புரிமை பெற்றது, தேவாலயப் பாடகர்களுக்காகப் பின்புறம் நூல் தாங்கி பொருத்தப்பட்ட ஒருவகை மடக்கு நாற்காலிக்கு மட்டுமே. சிஸ்ஹோம் நாற்காலியை உட்காரவே பரிந்துரைத்தார் என்பதை வழக்குரைஞர்கள் என்ற முறையில் நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளோம். எனினும் பார்க்ஸ் இருக்கையை விட்டு எழ மறுத்த அதே நகரில் ஓர் இருக்கை மீண்டும் வரலாற்றுச் சின்னமானதை வரலாற்றின் குறும்பு என்றே கொள்ளலாம்.

டோனி மாரிசன் (1975): திசைதிருப்பல்

1975 மே 30 அன்று போர்ட்லேண்டு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேசிய நாவலாசிரியர் டோனி மாரிசன், இனவெறியின் முதன்மைப் பணியே திசைதிருப்பல்தான் என்றார். உனக்கு மொழியில்லை என்பார்கள், இருக்கிறது என்று நிறுவ இருபது ஆண்டுகள் செலவிடுவாய். உனக்குக் கலையில்லை என்பார்கள், அதைத் தோண்டி எடுத்துக் காட்டுவாய். எப்போதும் இன்னும் ஒன்று மிச்சமிருக்கும் என்பது அவர் சொன்னதன் சாரம். “இப்போதெல்லாம் யார் சார் சாதி பார்க்கிறார்கள்?” என்ற பின்னூட்டத்துக்கு இரவு இரண்டு மணிவரை சான்றுகளோடு மறுமொழி எழுதும் தோழர்களுக்கு இதைப் பரிவோடு சமர்ப்பிக்கிறோம். அந்தப் பின்னூட்டக்காரர் பத்து மணிக்கே உறங்கியிருப்பார்.

தர்குட் மார்ஷல் (1991): இரண்டு பாம்புகள்

உச்ச நீதிமன்றத்தில் தாம் வாதாடிய 32 வழக்குகளில் 29-ஐ வென்றவர் மார்ஷல். பள்ளிகளில் இனப்பிரிவினையை வீழ்த்திய 1954-இன் பிரவுன் வழக்கு அவற்றுள் ஒன்று. பின்னர் அந்நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். 1987-இல் அரசமைப்பின் இருநூறாண்டு விழாவில் நாடே திளைத்தபோது, அது தொடக்கத்திலேயே பழுதுபட்டது, பல திருத்தங்களும் ஓர் உள்நாட்டுப் போரும் தேவைப்பட்டன என்று உரையாற்றினார்.

1991 ஜூன் 28 அன்று, ஓய்வு அறிவித்த மறுநாள், என்ன உடல்நலக் குறைவு என்று செய்தியாளர் கேட்டனர். “எனக்கு வயதாகிவிட்டது, கழன்று விழுந்துகொண்டிருக்கிறேன்” என்றார். அவரிடத்துக்குச் சிறுபான்மையினர் ஒருவரைத்தான் நியமிக்க வேண்டுமா என்ற வினாவுக்கு, வெள்ளைப் பாம்புக்கும் கறுப்புப் பாம்புக்கும் வேறுபாடில்லை, இரண்டும் கடிக்கும் என்று தம் தந்தை கற்பித்ததை விடையாகச் சொன்னார். மூன்று நாள் கழித்து, ஜூலை 1 அன்று, இனச்சார்பு ஒதுக்கீட்டை எதிர்க்கும் கறுப்பின நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் அவ்விடத்துக்கு முன்மொழியப்பட்டார். 2023 தீர்ப்பில் ஒதுக்கீட்டுக்கு எதிராக நின்றவர்களுள் அவரும் ஒருவர். பிரதிநிதித்துவம் வேண்டும், ஆனால் அது யாருடைய கோரிக்கையைப் பிரதிநிதித்துவம் செய்கிறது என்றும் கேட்க வேண்டும். தனித்தொகுதிகளைப் பற்றி நாம் நடத்தும் நெடிய விவாதத்துக்கு இதைவிடச் சுருக்கமான முன்னுரை இல்லை.

சொல்லாத சொற்கள்

இறுதியாக ஓர் எச்சரிக்கை. “ஆயிரம் அடிமைகளை விடுவித்தேன், தாங்கள் அடிமைகள் என்று அவர்கள் அறிந்திருந்தால் இன்னும் ஆயிரம் பேரை விடுவித்திருப்பேன்” என்ற வாசகம் ஹாரியட் டப்மன் பெயரில் பரவுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆவணம் இல்லை. அவர் ஏறத்தாழ 13 பயணங்களில் மீட்டு வந்தவர்கள் சுமார் 70 பேர். ஒவ்வொரு பயணத்திலும் உயிரைப் பணயம் வைத்தவருக்கு அந்த 70 போதாதென்று ஆயிரமாக்கியது யாரோ ஒருவரின் கற்பனை. அவர் சொன்னதாகப் பதிவாகியிருப்பது வேறு. அடிமைகளைத் தப்புவித்த இரகசிய வழித்தடத்தை அக்காலத்தார் இருப்புப்பாதை என்றே குறியீடாக அழைத்தனர். 1896-இல் பெண்கள் வாக்குரிமை மாநாட்டில், என் வண்டி ஒருபோதும் தடம்புரண்டதில்லை, ஒரு பயணியையும் நான் இழந்ததில்லை என்றார் டப்மன். பொய் மேற்கோள், விடுதலை பெறாதவர்களின் அறியாமையைக் குறைசொல்கிறது. மெய் மேற்கோள், வழிநடத்தியவரின் பொறுப்பைக் கணக்குக் காட்டுகிறது. எது ஏன் பரவுகிறது என்பதை எண்ணிப் பார்க்கத் தகும்.

நீதியை நோக்கி வளையும் அறவுலகின் வில் என்ற படிமமும் அவ்வாறே. கிங் அதைப் பலமுறை கையாண்டார். ஆனால் அது 19-ஆம் நூற்றாண்டின் அடிமை ஒழிப்புப் போதகர் தியோடர் பார்க்கரிடமிருந்து வந்தது. 2010-இல் ஒபாமாவின் அலுவலகத் தரைவிரிப்பில் கிங்கின் பெயரோடு நெய்யப்பட்ட பிறகு, பார்க்கருக்குச் செருப்புத் தடம்கூட எஞ்சவில்லை.

மேற்கோள்களைக் கைவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒரு நல்ல வரி, நூறு பக்க அறிக்கை செல்லாத இடத்துக்கும் செல்லும். அதை அனுப்புமுன் மூன்று வினாக்கள் போதும்: எங்கே, எந்த ஆண்டு சொல்லப்பட்டது? யாரிடம் எதைக் கோரியது? அக்கோரிக்கை நிறைவேறியதா? விடைகளை மேற்கோளுக்குக் கீழே ஒரே வரியில் எழுதிவிடலாம். “ஹேமர், அட்லாண்டிக் சிட்டி, 1964, முழுப் பிரதிநிதித்துவம் கேட்டார், இரண்டு இடம் தந்தார்கள், மறுத்தார்” என்று எழுத ஒரு நிமிடம்தான் ஆகும். கூப்பிய கரத்தின் அளவைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் இடமும் கிடைத்துவிடும்.